மின் கட்டணம் 350, அடகு வட்டி 1,500

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடி, 700 ரூபாய் அளவில் மின் கட்டணம் வருகிறது. சோலார் ஏஜென்டாக இருக்கும் என் கொழுந்தனார், 3 கிலோவாட் போட்டால் கட்டணமே வராது, மின்வெட்டும் தெரியாது, 78,000 ரூபாய் மானியம் உண்டு என்கிறார். விலை 2 லட்சம். 1 கிலோவாட் என்றால் 65,000. எங்களால் மாதம் 3,000 வரை கட்ட முடியும். மூன்று வருடம் முன்பு ஒன்றரை வட்டிக்கு 1 லட்சம் வாங்கி அடகு வைத்த நகை இன்னும் கடையில்தான் இருக்கிறது. வருடந்தோறும் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறோம். மீதி நகையையும் அங்கேயே வைத்து சோலார் போடலாமா? மறுத்தால் குடும்பத்தில் மனக்கசப்பு வரும்.

பதில்: சகோதரி, அந்த நகையைப் பற்றிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மாதம் 1,500 வீதம் மூன்று வருடத்தில் 54,000 ரூபாய் வட்டியாகப் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மின் கட்டணமோ மாதக் கணக்கில் 350 ரூபாய். இந்த 350-ஐ ஒழிக்க 2 லட்சம் போடத் துணிகிற நீங்கள், 1,500-ஐச் செலவு என்றே எண்ணாமல் இருக்கிறீர்கள். மறு அடகு என்பது அப்படித்தான் பழகிவிடும். வருடம் ஒருமுறை சீட்டு மாறுகிறது, நகை பத்திரமாக இருக்கிறது என்று மனம் சமாதானமாகிவிடுகிறது.

இப்போது கொழுந்தனார் சொல்லும் கணக்கு. 2 லட்சத்தில் 78,000 மானியம் போக 1,22,000. மானியம் முன்கூட்டிக் கிடைக்காது. முழுத் தொகையையும் நீங்கள் கொடுத்து, தகடு மாட்டி, மின்வாரியம் இணைப்புக் கொடுத்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்கில் வரும். அது வந்தவுடன் கடனில் கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீதிக் கடனுக்கு ஒன்றரை வட்டி வருடத்துக்கு 22,000 ரூபாயை ஒட்டி வரும். மிச்சமாகும் மின் கட்டணம் வருடத்துக்கு 4,200.

அதுவும் உங்களுக்கு 3 கிலோவாட் எதற்கு? 1 கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், உங்கள் 300-இல் காசு கொடுப்பது 200 யூனிட்டுக்கு மட்டுமே. அதற்கு 1 கிலோவாட்டே போதும். 3 கிலோவாட் போட்டால் மிஞ்சுகிற மின்சாரம் வருமானம் தரும் என்ற பேச்சை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது.

மின்வெட்டு விஷயத்தில் உங்களுக்குத் தவறான தகவல் தந்திருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ. பேட்டரி இல்லாத, மின்வாரிய இணைப்போடு ஓடும் சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலிலும் மின்விசிறி சுற்றாது. பேட்டரி வேண்டுமென்றால் அதன் விலை தனி.

மாதம் 3,000 கட்ட முடியும் என்கிறீர்கள். மகிழ்ச்சி, ஆனால் கட்ட முடிவதால் மட்டும் ஒரு பொருளுக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. சோலாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் மின் அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த 3,000-க்கு வேறு வேலை இருக்கிறது. அடகுக் கடையில் இருக்கும் நகையை மீட்டு, ஏதாவது ஒரு பொதுத்துறை வங்கியில் வையுங்கள். அங்கே நகைக் கடன் வட்டி ஏறக்குறைய 9 சதவீதம். மாதம் ஒன்றரை வீதம் நீங்கள் கட்டுவது வருடத்துக்கு 18. இடம் மாற்றியதாலேயே வருடம் 9,000 மிச்சம். சோலார் மிச்சப்படுத்தும் தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! இப்போது கட்டும் 1,500-ஐயும் இந்த 3,000-ஐயும் சேர்த்து மாதம் 4,500 வீதம் அசலோடு கட்டினால், இரண்டு வருடத்தை ஒட்டி நகை வீட்டுக்கு வந்துவிடும். மீட்பதற்கான ஒரு நாள் பணத்துக்கு யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். உதவ விரும்பும் கொழுந்தனார் அதைத் தரட்டுமே.

மானியம் நின்றுவிடுமோ என்று பதறினால், 1 கிலோவாட் மட்டும் போடுங்கள். 30,000 மானியம் போக 35,000. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் வங்கிகள் பிணை இல்லாமல் தரும் கடனுக்கு வட்டி 7 சதவீதம் என்று வைத்தாலும், பத்து வருடத் தவணை மாதம் 400 சொச்சம்தான். கட்டணம் மிச்சமாகும் 350-க்கு ஏறக்குறைய ஈடாகும். பெரிய லாபம் இல்லை, நகைக்கும் ஆபத்து இல்லை. தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரைப் பத்து வருடம் வாக்கில் மாற்ற நேரும், அதையும் மனதில் வையுங்கள். கொழுந்தனாரின் நிறுவனம் அரசு இணையதளத்தில் பதிவு பெற்றதா, தகடு இந்தியத் தயாரிப்பா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மானியம் இல்லை.

அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்கினால், வட்டி 22,000-ஐயும் மிச்சம் 4,200-ஐயும் ஒரே தாளில் எழுதி, கணவரையும் உட்கார வைத்துக் கொழுந்தனாரிடம் காட்டுங்கள். அடுத்த மறு அடகுத் தேதி எப்போது என்று இன்றே சீட்டை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்பே வங்கிக்குப் போய்விட வேண்டும்.