ஓர்த்தியா: ஆர்ட்டெமிஸின் பட்டமா, தனித் தெய்வமா?

தனித் தெய்வம்தான். பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் ஓர்த்தியா, கிரேக்க வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் பட்டமாக மாறியது பிற்பாடு.

ஓர்த்தியா என்றால் ‘நிமிர்ந்தவள்’ என்ற விளக்கம் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயணி பாசானியஸ் தருவது: லிகோஸ் புதரில் (நம்ம நொச்சியின் இனம்) அவள் சிலை கிடைத்ததாம், புதரின் கிளைகள் சுற்றிப் பிடித்ததால் நிமிர்ந்து நின்றதாம். பெயருக்குப் பிறகு கட்டிய கதை மாதிரிதான் இருக்கிறது.

தனித் தெய்வம் என்பதைச் சரிபார்க்க, ஸ்பார்ட்டாவில் அவள் கோயிலில் நடந்த 1906–1910 அகழாய்வில் கிடைத்த காணிக்கைப் பொருள்களின் எழுத்துகளைப் பாருங்கள். பழையவற்றில் வகர ஒலியோடு ‘வோர்த்தேயா’ போன்ற வடிவம் வரும். கூடவே ஆர்ட்டெமிஸ் இருக்காது. இரண்டு பெயரும் சேர்வது ரோமானியர் காலத்தில்.

ஆனால் அந்த வகரத்தை வைத்து பெயருக்கு ‘ஓர்தோஸ்’ (கிரேக்கத்தில் ‘நேரான’) வேர் பொருந்தாது என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கும் முன்பு முதலில் வகரம் இருந்தது.