பதில்: ஜப்பானியமா, மண்டரினா, ஜெர்மனா?

தம்பி, பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, தமிழ், மலாய், ஆங்கிலம் தெரியும், நான்காவதாக எது சுலபம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுலபத்தை விடுங்கள். யாரோடு பேசப் போகிறீர்கள்?

பினாங்கிலேயே இருப்பதாக இருந்தால் மண்டரின்தான். தினமும் பேச ஆள் கிடைக்கும். ஆனால் இங்கே சந்தையில் கேட்பது பெரும்பாலும் ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழி. வகுப்பில் படித்ததை வைத்து மீன்காரரிடம் பேரம் பேசப் போய் நான் திருதிருவென்று விழித்தேன். நான்கு தொனிகள் வேறு: 'மா' என்பதை ஏற்ற இறக்கம் மாற்றிச் சொன்னால் அம்மா குதிரையாகிவிடுவார்.

உங்கள் மேலாளர்கள் ஜப்பானியர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் நான் ஜப்பானியம் என்பேன். தமிழ் வாக்கிய அமைப்பு அங்கே அப்படியே உட்காரும். 'கடைக்குப் போய் மீனை வாங்கினேன்' என்பது 'மிசே நி இத்தே சகானா ஓ கத்தா'. மிசே கடை, 'நி' நம் 'கு', இத்தே போய், சகானா மீன், 'ஓ' நம் 'ஐ', கத்தா வாங்கினேன். வரிசைகூட மாறவில்லை! எழுத்து வரிசையும் அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந என்று போகும். அது இந்திய எழுத்து மரபிலிருந்து போனது. 46 அடிப்படை ஹிராகனா எழுத்துகளை இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம். கஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள்தான் மலை, அன்றாடப் பட்டியலிலேயே 2,136.

ஜெர்மன்? அங்கே போய்ப் படிக்கும் திட்டம் இருந்தால் மட்டும்.

முதலில் ஜேஎல்பிடி (JLPT) என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்5 நிலைக்குப் படியுங்கள். ஐந்து நிலைகளில் அதுதான் அடிப்படி. மேலாளரிடம் நாளைக்கே 'ஒஹாயோ கொசாய்மாஸ்' (காலை வணக்கம்) சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள்.