அமெச்சூர் குறும்படப் போட்டிகளில் மியூசிக் வீடியோவுக்குத் தனிப் பிரிவு தேவையா, கதைப் படங்களோடு சேர்த்தே மதிப்பிட்டால் என்ன?

கண்டிப்பாகத் தனிப் பிரிவு தேவை. சின்னப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். இரண்டையும் ஒரே பிரிவில் மோதவிட்டால் யாராவது ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீரும்.

நல்ல ட்யூன் அரங்கில் ஒலிக்க ஆரம்பித்ததுமே கால் தானாகத் தாளம் போடும். அந்தச் சந்தோஷம் பாட்டால் வந்ததா, படத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மதிப்பெண் தாளில் ஏறிவிடும். அதற்கு முன்னால் ஓடிய கதைப் படத்தின் இயக்குநர் ஒவ்வொரு உணர்ச்சியையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டி எழுப்பியிருப்பார், பாவம். எதிர்ப்பக்கமும் உண்டு. "கதை எங்கே, பாத்திரம் எங்கே வளர்ந்தது?" என்று கேட்கும் நடுவர் கையில் ஒரு அருமையான மியூசிக் வீடியோ சிக்கினால், அது முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும்.

மியூசிக் வீடியோ எடுப்பவருக்கு நீளம், வேகம், மனநிலை எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்டவை. எங்கே ஏறும், எங்கே அடங்கும் என்பதைக்கூட வேறொருவர் தீர்மானித்துவிட்டார். அதற்குள் படம் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய திறமை. நான் எப்போதும் இரண்டாவது சரணத்தைக் கவனிப்பேன். ட்யூன் அதேதான், வரிகள் மட்டும் மாறியிருக்கும். படம் அந்த இடத்தில் புதிதாக எதையாவது கொண்டுவருகிறதா? பெரும்பாலான அமெச்சூர் படைப்புகளில் முதல் பல்லவிக்குள்ளேயே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. பாடகர் நடந்து வருகிறார், திரும்பிப் பார்க்கிறார், மறுபடியும் நடந்து வருகிறார். இடையிசையில் வானம் காட்டுகிறார்கள்.

எடிட்டிங்கிலும் இப்படித்தான். நிமிடத்துக்கு 120 பீட் (தாளத் தட்டு) உள்ள பாட்டு, நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) வேகத்தில் எடுத்த படம் என்றால் ஒரு பீட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டி அடுக்குவது சுலபம், பார்ப்பவருக்கு அரை நிமிடத்தில் சலித்துவிடும். பாடகர் மூச்செடுக்கும் இடத்திலோ, ஒரு கருவி புதிதாக நுழையும் இடத்திலோ வெட்டுபவர் பாட்டை உண்மையாகவே கேட்டிருக்கிறார் என்று தெரியும். வெட்டாமலே விடுவதும் ஒரு முடிவுதான். ஓகே கோ என்ற இசைக்குழு 2006இல் எட்டு டிரெட்மில்களை வைத்து எடுத்த வீடியோவில் கேமரா அசையவே இல்லை, முழுப் பாட்டும் ஒரே டேக். அதை இயக்கியதில் பாடகரின் சகோதரி டிரிஷ் சீ என்பவருக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அமெச்சூர்களிடம் பணம் இருக்காது, ஆனால் ஒத்திகை பார்க்க நேரம் இருக்கும். அந்த நேரத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ள இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலைக்கே உரிய நுட்பங்களும் நிறைய. படம் ஸ்லோமோஷனில் ஓட வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்றால், படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரை அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லி, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டுவார்கள். ஸ்பீக்கரைப் பாடகரிடமிருந்து 14 மீட்டர் தள்ளி வைத்தால், ஒலி அவரிடம் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஏறக்குறைய ஒரு ஃபிரேம் கழிந்துவிடும், உதடசைவும் அந்த அளவு பின்தங்கும். கதைப் படங்களுக்கான மதிப்பெண் தாளில் இதற்கெல்லாம் இடமே கிடையாது.

அப்புறம், எதையெல்லாம் மியூசிக் வீடியோ என்று ஏற்பது? மேடைக் கச்சேரியை நாலு கேமராவில் பதிவு செய்தது என் பார்வையில் ஆவணப்படத்துக்கு நெருக்கமானது, அதை இங்கே சேர்க்க மாட்டேன். மற்றவர்கள் படங்களிலிருந்து துண்டு எடுத்து ஒட்டியதையும் ஏற்க மாட்டேன். அனிமேஷனைத் தாராளமாக ஏற்கலாம். மியூசிக் வீடியோ என்றாலே 1981இல் வந்த எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே ஆஸ்கர் ஃபிஷிங்கர் என்ற ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் கரியால் வரைந்த வடிவங்களை இசைத்தட்டுகளின் இசைக்கு ஏற்ப ஆடவைத்தார்.

போட்டிகளில் அதிகச் சண்டை வருவது உரிமை விஷயத்தில்தான். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் ட்யூனும் சேர்ந்த இயற்றலுக்கு ஒன்று, அதன் ஒலிப்பதிவுக்கு ஒன்று. பிரபலமான பாட்டை நண்பரை வைத்துப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் இரண்டாவது பிரச்சினை தீரும், முதலாவது அப்படியே இருக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1750இலேயே இறந்துவிட்டார், அவர் இசை எல்லோருக்கும் பொது. ஆனால் போன வருடம் ஓர் இசைக்குழு வாசித்து வெளியிட்ட பதிவு பொது ஆகாது. கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பாளி சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே எல்லோருக்கும் தரும் உரிமம்) பாட்டு என்றால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். பாட்டை ஓடும் படத்தோடு இணைப்பதையே தழுவல் என்றுதான் அந்த உரிமங்கள் கருதுகின்றன. அதனால் "தழுவல் கூடாது" என்ற நிபந்தனை உள்ள பாட்டுக்கு வீடியோ எடுத்து வெளியிட முடியாது. கடைசியில் "நன்றி" கார்டு போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது என்பதையும் எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு நேரான வழி, புதுப் பாட்டு. வீடியோ எடுக்க வழியில்லாத பாட்டுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நல்ல பாட்டு கிடைக்காத இயக்குநர்களும் இருக்கிறார்கள். இந்தப் பிரிவை அறிவித்தாலே இரு தரப்பும் ஒருவரையொருவர் தேட ஆரம்பிப்பார்கள். நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதல் காரணமே அதுதான்.

"பிரிவைப் பிரித்தால் ஐந்து படம்கூட வராதே" என்பார்கள். சரி, வராமல் போகலாம். அப்போது முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளைக் கட்டாயம் பங்கிட வேண்டியதில்லை. தகுதியானது இருந்தால் ஒரே பரிசு, இல்லையென்றால் அந்த ஆண்டு யாருக்கும் இல்லை என்று விதியிலேயே எழுதிவிடலாம்.

நீங்கள் போட்டி நடத்துபவராக இருந்தால் நடுவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: ஒவ்வொரு வீடியோவையும் முதலில் பாட்டோடு பார்க்கட்டும், பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பார்க்கட்டும். அப்புறம், இந்தப் படத்துக்கு வேறொரு பாட்டைப் போட்டாலும் இதே அளவு பொருந்துமா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். பொருந்தும் என்றால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். பாட்டின் தரத்துக்கு மதிப்பெண் வேண்டாம். ஆனால் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் திரையிலும் பரிசுச் சான்றிதழிலும் வந்தாக வேண்டும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியை, பரிசு அறிவித்த பிறகு தேடாமல், விண்ணப்பத்தோடேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.