9 வயதுப் பொய்லருக்கு மாதம் 19 பவுண்ஸ் கவர் தேவையா?

கேள்வி: இங்கிலாந்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் சேர்த்துத் தரும் கொம்பி பொய்லருக்கு 9 வயது. போன் எடுத்த ஒருவர், மாதம் 19 பவுண்ஸ் கட்டினால் பொய்லர், ரேடியேற்றர், குழாய் எது பழுதானாலும் திருத்தித் தரும் "முழுக் கவர்" என்கிறார். இன்றே கார்ட் நம்பர் வேண்டுமாம். எடுக்கலாமா?

பதில்: அவரிடம் எடுக்காதீர்கள். கவர் வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

தாமாகவே போன் எடுத்து அவசரப்படுத்துகிறவர்கள் விற்பது பல நேரம் இன்சூரன்ஸே இல்லை, திருத்தித் தருவதாகச் சொல்லும் வெறும் ஒப்பந்தமான "சேர்விஸ் பிளான்". பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்சூரன்ஸ் என்றால் விற்பவரின் பெயர், நிதிக் கொம்பனிகளைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் இருக்கவேண்டும். முறைப்பாட்டுக்கு 8 கிழமைக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் இப்படியான பிணக்குகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். சேர்விஸ் பிளானுக்குப் பெரும்பாலும் இந்த வழி கிடையாது. கொம்பனி மூடினால் கட்டிய காசும் போச்சு. கண்டுபிடிப்பது சுலபம்: விலை விபரத்தில் 12 வீத இன்சூரன்ஸ் வரி என்றிருந்தால் இன்சூரன்ஸ், 20 வீத வற் என்றிருந்தால் வெறும் ஒப்பந்தம். இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, சனம்தான் வரியைப் பார்த்துத் துப்பறிய வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்கு. 19 பவுண்ஸ் என்றால் வருடம் 228. ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் "எக்ஸெஸ்" என்று 50, 60 தனியாகக் கேட்கலாம். சேர்ந்த முதல் 14 அல்லது 30 நாட்களுக்குள் பழுதானால் ஒன்றும் கேட்க முடியாது என்பது வழமையான நிபந்தனை. கவர் எடுக்கும் பொய்லருக்கு வயதெல்லை 10 வருடம் என்றால், அடுத்த வருடம் உங்கள் பொய்லரின் கதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். "திருத்துவது இலாபமில்லை" என்று அவர்கள் முடிவெடுத்தால் புதுப் பொய்லர் தருவார்களா, சிறு தொகையோடு கைகழுவுவார்களா என்பதும் அதே கடிதத்தில் வரட்டும்.

இவை எல்லாவற்றையும் விட ஆளை விழுத்துவது ஸ்லட்ஜ். ரேடியேற்றரின் இரும்பு உள்ளே துருப்பிடித்துக் கறுப்புச் சேறாக அடியில் படியும். பிறகு பம்பை அடைக்கும், பொய்லருக்குள் இருக்கும் வெப்பமாற்றியை அடைக்கும். திருத்த வருபவர் பார்த்துவிட்டு, "இது ஸ்லட்ஜ், கவரில் இல்லை, பவர் ஃப்ளஷ் செய்யுங்கள்" என்பார். மெஷினால் தண்ணீரை வேகமாக ஓடவிட்டுக் கழுவும் அந்த வேலைக்கு 400, 500 பவுண்ஸ் போகும். செய்யாவிட்டால் அடுத்த பழுதையும் அதே காரணம் காட்டி மறுப்பார்கள். 9 வருட ஹீட்டிங்கில் இது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே கையெழுத்துக்கு முன் நீங்களே பாருங்கள். ஹீட்டிங்கைப் போட்டு அரை மணி நேரம் விட்டு ரேடியேற்றரைத் தொட்டால், மேலே சூடாகவும் கீழே நடுப்பகுதி குளிராகவும் இருந்தால் சேறு. மேலே குளிர், கீழே சூடு என்றால் வெறும் காற்று. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, ரேடியேற்றரில் காற்றை வெளியேற்றும் திறப்பால் நாலு சொட்டு வெள்ளைத் துணியில் விடுங்கள். மை போலக் கறுத்திருந்தால் எந்தக் கவரையும் நம்ப வேண்டாம், முதலில் கழுவி, காந்த வடிகட்டி பூட்டி, துருத்தடுப்பு மருந்து ஊற்றுங்கள். லண்டன் பக்கம் சுண்ணாம்புப் படிவும் இதே மாதிரி விலக்கப்படும், ஆனால் அது சுடுதண்ணீர்ப் பக்கத்தில் வருவது.

என் முடிவு: தண்ணீர் சுத்தமாக இருந்தால், காஸ் வேலைக்காரரின் பதிவேடான காஸ் சேஃப்பில் பதிவுள்ள ஒருவரிடம் வருடம் ஒருமுறை சேர்விஸ் செய்யுங்கள். சுமார் 100 பவுண்ஸ் வரும். அவருடைய காஸ் சேஃப் அட்டையின் பின்பக்கத்தில் பொய்லர் வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மிச்சம் 128ஐ வங்கியில் போட்டு வையுங்கள். மார்கழிக் குளிரில் ஒரேயடியாக 500 பவுண்ஸ் புரட்ட முடியாதவர்கள் மட்டும் இன்சூரன்ஸ் எடுக்கலாம், அதுவும் வருடாந்த சேர்விஸ் சேர்ந்ததாக. ஹீட்டிங் தண்ணீரின் பிரஷர் மீற்றரில் 1 பாருக்கு (bar) கீழே இறங்கியதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டு எக்ஸெஸ் கட்டாதீர்கள். பொய்லர் ஆறியிருக்கும்போது நிரப்பும் வால்வைத் திறந்து 1.5 வரை ஏற்றி, மறக்காமல் மூடினால் சரி. கிழமைக்குக் கிழமை இறங்கினால்தான் கசிவு.

ஏற்கனவே கார்ட் நம்பர் கொடுத்துவிட்டீர்களா? 14 நாளுக்குள் இரத்துச் செய்ய உரிமை உண்டு. மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் சொல்லாதீர்கள். அதோடு வங்கிக்கும் சொல்லி அந்தக் கார்டில் மாதாந்தம் போகும் கட்டணத்தை நிறுத்துங்கள். "கொம்பனியிடம் கேளுங்கள்" என்று வங்கி தட்டிக்கழித்தால் விடாதீர்கள், நீங்கள் கேட்டால் அவர்கள் நிறுத்தியே ஆகவேண்டும்.