"தெரியும்மா" என்கிறான், ஆனாலும் செய்கிறான்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பாலக்கோடு பக்கம் கிராமம் எங்களுடையது. கணவர் தக்காளி மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறார். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். நன்றாகப் படிப்பான், வீட்டில் சொன்ன வேலையைத் தட்டமாட்டான். போன ஞாயிறு டியூஷன் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பைக்கில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போயிருக்கிறான். ஹெல்மெட் இல்லை. பென்னாகரம் தாண்டி மலையிறக்கத்தில் கையை விட்டு ஓட்டியதைக் கூட்டாளி ஸ்டேட்டஸ் வைத்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது. குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்த இடத்தில் ஆற்றிலும் இறங்கியிருக்கிறார்கள். "ஆபத்துன்னு தெரியாதாடா?" என்றால் "தெரியும்மா" என்கிறான். "அப்புறம் ஏன்டா?" என்றால் பதில் இல்லை. அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூளையில் ஏதாவது கோளாறா? சேர்க்கை சரியில்லை, ஹாஸ்டலில் போடு என்கிறார் என் அண்ணன். போடலாமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்ன "தெரியும்மா" பொய் இல்லை. நிதானமாக யோசிக்கும்போது 16 வயதுப் பிள்ளை பெரியவர்கள் அளவுக்கே ஆபத்தை எடைபோடுவான். அவன் தடுமாறுவது பரபரப்பில், அதுவும் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

பருவ வயதில் மூளையின் ஆழத்தில் இருக்கும், இன்பத்துக்கும் பாராட்டுக்கும் கிளர்ச்சியடையும் பகுதி மிகக் கூர்மையாகிவிடும். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அங்கே முக்கியமாக வேலை செய்கிறது. "பொறு, யோசி" என்று தடுக்கும் முன்மூளைப் புறணி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. தேவையற்ற நரம்பிணைப்புகள் கழிந்து, மிஞ்சியவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படர்ந்து அது முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். இது கோளாறு அல்ல, வளர்ச்சியின் வரிசை.

2005இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் உடனிருந்தபோது, தனியாக ஆடியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதனால்தான் புத்திமதி எடுபடுவதில்லை. அவனுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறோம். நாம் மாற்ற வேண்டியது அவன் மாட்டிக்கொள்ளும் சூழலை.

முதலில் பைக் சாவி. ஆணியில் தொங்க வேண்டாம், மாற்றுச் சாவியும் சேர்த்து அப்பாவிடமே இருக்கட்டும். 18 வயதாகாதவன் கியர் பைக் ஓட்டிச் சட்டத்தை மீறினால் வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், சாப்பிட்டு முடித்த நேரத்தில் கணக்காகச் சொல்லுங்கள்.

இரண்டாவதுதான் மிக முக்கியம். "ஏறுடா" என்று நாலு பேர் நிற்கும்போது மறுக்க அவனுக்கு ஒரு வழி வேண்டும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரே ஒரு புள்ளி அனுப்பட்டும். அதைப் பார்த்ததும் போன் போட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, "பாட்டிக்கு முடியல, உடனே கிளம்பி வா" என்று அதட்டுங்கள். அவன் மானமும் போகாது, ஆளும் வீடு வந்து சேர்வான். வந்த அன்று ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், மறுநாள் பேசலாம். அன்றே விசாரணை வைத்தால் அடுத்த முறை புள்ளி வராது. வீட்டிலேயே இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். வாயால் சொல்லிப் பழகாத வார்த்தை அந்த நேரத்தில் வராது.

தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகச் சுரப்பதால் இவர்களுக்கு இயல்பாகவே தூக்கம் தள்ளிப்போகும். அதோடு போனும் விடியற்காலை டியூஷனும் சேர்ந்தால், இருக்கிற கொஞ்சக் கட்டுப்பாடும் தளர்ந்துவிடும். இரவு 10 மணிக்கு எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, சமையலறையில் சார்ஜில் இருக்கட்டும்.

அடித்தால் பிள்ளை செய்வதை நிறுத்தமாட்டான், மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். லீவு நாளில் அப்பா அவனை மார்க்கெட்டுக்கு வேனில் கூட்டிப்போகட்டும். முகம் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவது இந்த வயதுப் பையன்களுக்குச் சுலபம். "அடிச்சிருக்கக் கூடாதுப்பா" என்று அவரே தொடங்கினால் நல்லது.

ஹாஸ்டல் இப்போது வேண்டாம். அங்கே 24 மணி நேரமும் கூட்டாளிகள் நடுவில்தான் இருப்பான், புள்ளி வந்தால் போய் அழைத்துவர வீடு பக்கத்தில் இருக்காது. அந்த இரண்டு நண்பர்களையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கபடி, வாலிபால் என்று வேகமும் போட்டியும் உள்ள விளையாட்டில், பயிற்சியாளர் இருக்கும் இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

தனியாக இருக்கும்போதும் ஆபத்தைத் தேடிப் போவது, நாள்கணக்கில் தூங்காமலே துறுதுறுவென இருப்பது, குடி, புகையிலை, படிப்பு திடீரென்று சரிவது, "செத்தா என்ன" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். போனில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.