நகரத்தில் தினமும் சைக்கிள் ஓட்டுவது நடக்கிற காரியமா? ஓட்டுவதைத் தவிர அதனால் வேறு என்ன பயன்?

இரண்டு கேள்விகளுக்கும் எனக்கு ஒரே பதில்தான். சைக்கிளை உடற்பயிற்சிச் சாமானாக நினைப்பதை விட்டுவிட்டு, வேலை செய்யும் கருவியாகப் பாருங்கள். அப்போது தினமும் அதை எடுக்கக் காரணம் தானாகக் கிடைக்கும்.

அலுவலகம், கடை, நூலகம் எல்லாவற்றுக்கும் நான் பல வருடங்களாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். நகரத்துக்குள் 5 கிலோமீட்டர் தூரத்தை நிதானமாக மிதித்தாலும் 20 நிமிடத்தில் கடந்துவிடலாம். வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கியர் எத்தனை என்று பார்த்து வாங்குவதை விட, உறுதியான கேரியர், மட்கார்டு, விளக்கு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுமையை முதுகில் மாட்டாதீர்கள். வியர்த்துக் கொட்டும், பாரம் உயரத்தில் இருப்பதால் வண்டியும் தள்ளாடும். பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் அதே பாரம் பாதியாகத் தோன்றும்.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு மீட்டராவது தள்ளியே போங்கள். திருப்பத்தில் லாரிக்கும் நடைபாதைக்கும் இடையில் நுழையவே கூடாது. ஓட்டுநரின் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1954-இல் பிரெஞ்சுப் படைக்கு எதிரான தியன் பியன் பூ போரில் வியட்நாமியர்கள் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் அரிசியும் தோட்டாக்களும் கொண்டுபோனார்கள். யாரும் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு நீண்ட மூங்கிலைக் கட்டித் திருப்பினார்கள், இருக்கைக் கம்பியில் நட்ட இன்னொரு கழியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல்கூட ஏற்றினார்கள். முதுகில் அதில் கால்வாசியைச் சுமப்பதே கடினம். தரையில் உருளும்போது எடையைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது, மனிதன் தள்ளினால் போதும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டால் சைக்கிள் ஓர் இயந்திரமாகிவிடுகிறது. சாணை பிடிப்பவர்கள் ஸ்டாண்டைப் போட்டு, பெல்ட் மாட்டி, மிதித்தே கல்லைச் சுழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குவாத்தமாலாவில் மாயா பெடல் என்ற அமைப்பு பழைய சைக்கிள்களைத் தண்ணீர் பம்பாகவும் சோளம் அரைக்கும் இயந்திரமாகவும் மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், மின்சாரமே இல்லாத தொலைதூரப் பண்ணைகளுக்காக ஆல்ஃபிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் எடுத்துச் செய்தி அனுப்பும் பெடல் ரேடியோவை உருவாக்கினார். 1929 முதல் அது பண்ணைகளுக்குப் போய்ச்சேர்ந்தது. கையால் சுற்றும் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டைத் தட்ட முடியாது, கைகள் இரண்டும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த வேலையைக் கால்களிடம் விட்டதால், நோயாளிக்காக விமானத்தில் வரும் மருத்துவரை அழைக்க ஒரே ஆள் போதும் என்றானது. எளிய யோசனை, எத்தனை உயிர்களுக்கு உதவியிருக்கும்!

ரைட் சகோதரர்களும் 1901-இல் ஹேண்டில்பாருக்கு மேல் படுக்கைவாட்டில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதில் சிறிய இறக்கை வடிவத்தை வைத்து வேகமாக ஓட்டி, காற்றின் விசையை ஒப்பிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர்களுக்கு அது கைவந்த வேலைதானே.

வீட்டில் நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் ஓர் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். சாதாரண மனிதரால் தொடர்ந்து சுமார் 75 முதல் 100 வாட் வரைதான் தர முடியும். எல்.இ.டி. விளக்குக்கும் கைபேசிக்கும் அது தாராளம், இஸ்திரிப்பெட்டிக்கு அது போதவே போதாது. மின்சாரமாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால், முடிந்தவரை சுழற்சியையே நேரடியாகப் பயன்படுத்துங்கள். பழைய வண்டியின் பின்சக்கரத்தில் டயரைக் கழற்றி, ரிம்மின் பள்ளத்தில் பெல்ட்டை ஓடவிட்டு, மறுமுனையில் சிறிய கப்பியை மாட்டினால் நல்ல வேகம் கிடைக்கும். முதலில் தண்ணீர் பம்பில் தொடங்குங்கள், சாணைக்கல்லை விட அது ஆபத்து குறைந்தது.