தரகு என்று எழுதியவர் தப்பாக எழுதவில்லை

கேள்வி: கோடிக்கணக்கான மக்களின் பெருந்தரகையும் தொடர்பு வலைகளையும் ஆராய்ந்தால், மனிதர்களை நன்றாகப் புரிந்துகொண்டு ஒருவரோடு ஒருவரை இணைத்துவிடலாம் என்கிறார்களே, நடக்குமா?

பதில்: முதலில் ஒரு வழக்கு. 'பெருந்தரவு' (கணினிகளில் மலைபோலக் குவிகிற தகவல், ஆங்கிலத்தில் big data) என்று எழுத நினைத்து 'பெருந்தரகு' என்று எழுதிவிட்டீர்கள். எங்கள் பிழை திருத்துபவர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ககரத்தை அடித்து வகரம் வைத்திருந்தார். நான் வகரத்தை அடித்து ககரம் வைத்தேன். அவர் மறுபடி வட்டம். மூன்று தடவை இரண்டு மேஜைக்கும் போய்வந்ததில் உங்கள் கடிதம் அடிபட்ட ஆள் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஆசிரியர் என்கிற அதிகாரத்தை வைத்து ககரத்தையே அச்சேற்றியிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தலையங்கத்தில் நான் வேண்டுமென்றே எழுதிய 'பொதுக்குழி'யை 'பொதுக்குழு' ஆக்கி, என் ஒரே நல்ல நகைச்சுவையைக் கொன்றவர் அவர். அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

தவிர, 'தரவு' மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. யாப்பு படித்தவர்களுக்குத் தரவு என்றால் கலிப்பாவின் முதல் உறுப்பு. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று வரிசையாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களில் மூத்ததை மட்டும் கணினிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாழிசையை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லை. கேட்டால் 'தரப்படுவது தரவு' என்று விளக்கம். யார் தந்தார்களாம்? நமக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டதற்கு 'எடுப்பு' என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும்! வைத்தால் இசைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பல்லவிக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

தரகில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. இரண்டு பேரைச் சேர்த்துவைத்து, நடுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது. நீங்கள் கேட்கிற தொழில் அதேதான்.

வேடிக்கையைப் பாருங்கள், இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற சோதனையே ஒரு தரகரைத் தேடிப் போனதுதான். 1960களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 296 பேரைப் பிடித்தார். பெரும்பாலோர் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்கள், மற்றவர்கள் பாஸ்டன் பக்கம். பாஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு பங்குத் தரகரின் பெயரையும் விவரத்தையும் கொடுத்து, 'இவரை நேரடியாகத் தெரியாது என்றால், தெரிந்திருக்கக்கூடிய உங்கள் பழக்கக்காரர் ஒருவருக்கு இந்த உறையை அனுப்புங்கள், அவரும் அப்படியே செய்யட்டும்' என்றார். 64 உறைகள் போய்ச் சேர்ந்தன. நடுவில் சராசரியாக ஐந்து பேர். 'உலகம் சின்னது' என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அதற்கு ஆதாரம் இந்த 64 உறைதான்.

மீதி 232? அதைப் பற்றி மேடையில் மூச்சு கிடையாது. ஏதோ ஒரு மேஜை இழுப்பறையில், கட்ட வேண்டிய ரசீதுக்கும் பதில் போட வேண்டிய கடிதத்துக்கும் நடுவில் படுத்துத் தூங்கியிருக்கும். என் இழுப்பறையை வைத்துச் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்தவையாவது எப்படிப் போயின? 64இல் 16 உறைகளை அந்தத் தரகரிடம் கொண்டு சேர்த்தவர் ஒரே ஆள், அவர் ஊர்த் துணி வியாபாரி. கிட்டத்தட்டப் பாதி உறைகள் மூன்றே பேர் கை வழியாகத்தான் வந்திருக்கின்றன. ஆக, தரகரை அடையவும் தரகர் வேண்டியிருக்கிறது.

சரி, அது தபால் காலம் என்பீர்கள். 2003இல் வெளியான ஆராய்ச்சியில் இதையே மின்னஞ்சலில் செய்து பார்த்தார்கள். 13 நாடுகளில் 18 பேர் இலக்கு. உறை வேண்டாம், தபால் தலை வேண்டாம், விரலால் ஒரு தட்டு. 24,163 தொடர்கள் கிளம்பின. இலக்கை அடைந்தவை 384. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அனுப்பாமல் விட்டவர்களிடம் காரணம் விசாரித்ததில், 'யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை' என்றவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை. அதாவது, ஆள் தெரியும். அனுப்பத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்தத் தோன்றாமைக்கு எந்தத் தரகில், மன்னிக்கவும், தரவில் மருந்து இருக்கிறது?

2011இல் ஃபேஸ்புக் தன் 72.1 கோடிப் பயனர்களையும் கணக்கில் எடுத்து, எந்த இருவருக்கும் நடுவே சராசரித் தூரம் 4.74 தாவல் என்றது. (ஒருவரிடமிருந்து அவர் நண்பருக்குப் போவது ஒரு தாவல்.) கணக்கு சரியாகவே இருக்கும். நானும் நீங்களும் நாலைந்து தாவலில் இருக்கிறோம். இந்த நாலைந்து தாவலைக் கடந்து உங்கள் கேள்வி என்னிடம் வந்ததா? இல்லை. பத்திரிகையில் முகவரி பார்த்து எழுதியிருக்கிறீர்கள். (தயவுசெய்து கவிதையை அதே உறையில் வைக்காதீர்கள். அது தனி இழுப்பறை.)

அதே நிறுவனம் 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேருக்குக் காட்டுகிற பதிவுகளில் சந்தோஷத்தையோ சோகத்தையோ குறைத்து, அவர்கள் எழுத்தில் மாற்றம் வருகிறதா என்று பார்த்தது. அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. மாற்றம் மிகச் சிறியது. ஆனால் நடுவில் நிற்பவர் என்னவெல்லாம் செய்து பார்க்கலாம் என்பது தெரிந்தது.

அப்புறம் 'புரிந்துகொள்வது'. எங்கள் விற்பனைப் பிரிவு அவ்வப்போது 'வாசகர் கருத்துக் கணிப்பு' என்று கிளம்பும். அப்போதெல்லாம் நான் 'லிட்டரரி டைஜஸ்ட்' கதையைச் சொல்வேன், அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உங்களிடம் கடிகாரத்தைப் பார்க்கும் வசதி இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் அந்த வாரப் பத்திரிகை ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகளை எடுத்த இடம் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகமும் கார் பதிவேடும், அதுவும் ஏராளமானவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில். கேலப் என்ற கருத்துக் கணிப்பாளர் வெறும் 50 ஆயிரம் பேரைக் கேட்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். 1938இல் டைஜஸ்ட் கடையைக் கட்டியது. இதை நான் சொல்லி முடிக்கும்போது அறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

இப்போது இன்னும் நெருக்கமாக வந்துவிட்டார்கள். ஒருவர் போட்ட 'லைக்' 10 இருந்தால் கூட வேலை பார்ப்பவரைவிட, சுமார் 300 இருந்தால் வாழ்க்கைத் துணையைவிட அவருடைய குணத்தைக் கணினி சரியாகக் கணிக்கிறது என்று 2015இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. 86,220 பேரை வைத்துச் செய்தது, விளையாட்டில்லை. ஆனால் 'சரி' என்பதை எதை வைத்து அளந்தார்கள்? ஆள் தன்னைப் பற்றிக் கேள்வித்தாளில் தானே நிரப்பிய பதிலை வைத்து. கேள்வித்தாளில் நான் என்ன எழுதுவேன் என்று என் மனைவியால் சொல்ல முடியாமல் போகலாம். எழுதியதில் எதெல்லாம் புளுகு என்று சொல்லிவிடுவார்.

இதுவரை எழுதிப் பிழை திருத்த அனுப்பினேன். இப்போதுதான் திரும்பி வந்தது. 'பங்குத் தரகர்' என்று நான் எழுதிய இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'பங்குத் தரவர்' என்று திருத்தியிருக்கிறார்.